கருஞ்சீரக எண்ணெய் இருக்கட்டும், இன்ஹேலரைப் பீரோவிலிருந்து எடுங்கள்

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 46. பன்னிரண்டு வருடமாக மாவு மில் நடத்துகிறோம். ஆறு வருடமாக அவருக்கு இழுப்பு இருக்கிறது. ஆஸ்துமா என்று சொல்லி இரண்டு இன்ஹேலர் கொடுத்தார்கள். கேப்ஸ்யூல் போட்டுக் காலை, இரவு இழுப்பது ஒன்று; அவசரத்துக்கு நீல நிறத்தில் ஒன்று. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் மாத்திரைகளும் சாப்பிடுகிறார். இரண்டு மாதத்துக்கு முன் துபாயிலிருந்து வந்த என் நாத்தனார் மகன் கருஞ்சீரக எண்ணெய் பாட்டில்கள் கொண்டுவந்தான். மரணத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் இது மருந்து என்றான். அன்றிலிருந்து இவர் வெறும் வயிற்றில் தேனோடு ஒரு டீஸ்பூன் குடிக்கிறார், நெஞ்சில் தடவுகிறார், படுக்கும்போது மூக்கில் இரண்டிரண்டு சொட்டு விட்டுக்கொள்கிறார். இன்ஹேலர்களைப் பீரோவில் வைத்துவிட்டார். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது விடியற்காலை மூன்று மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்காருகிறார். பதினோரு மணி வாக்கில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்கிறார். ஏழு வயது மகளுக்குச் சளி பிடித்தால் அவளுக்கும் மூக்கில் விடுகிறார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்செந்தூர் போய் ஐந்து நாள் இருந்தோம். எண்ணெயை எடுத்துப் போகவில்லை. ஆனாலும் இழுப்பே இல்லை. கடல் காற்றுதான் காரணம் என்கிறார். சப்பாத்தி, புரோட்டா எல்லாம் சாப்பிடுகிறார், அதனால் ஒன்றும் ஆவதில்லை. இந்த எண்ணெய் நுரையீரலுக்கு நல்லதா, இல்லையா?

பதில்: சகோதரி, மற்றதைப் பேசுவதற்கு முன் பீரோவைத் திறந்து அந்த இரண்டு இன்ஹேலர்களையும் வெளியே எடுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி இருந்தால், காலை இரவு இழுக்கும் மருந்தை இன்று இரவே, முன்பு எழுதிக்கொடுத்த அதே அளவில் தொடங்கச் சொல்லுங்கள். தேதி முடிந்திருந்தால் பழைய சீட்டைக் காட்டிப் புதிதாக வாங்குங்கள். நீல இன்ஹேலர் அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுவது அவருக்கும் வேண்டாம், மகளுக்கும் வேண்டாம், இன்றோடு சரி. இந்த வாரத்துக்குள் ஒரு நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். கருஞ்சீரகம் என்றதும் சிரிக்கும் மருத்துவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்த விதையில் விஷயம் இருக்கிறது. அதன் வாசனை எண்ணெயில் தைமோகுவினோன் என்றொரு பொருள் உண்டு. 1960-களில் எகிப்திய ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் அந்த விதையின் இன்னொரு பொருளான நைஜெல்லோனை ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவதையும், ஒவ்வாமையின்போது உடலில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் கொட்டுவதையும் இந்தப் பொருள்கள் ஓரளவு தடுக்கின்றன என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த செய்தி. உங்கள் நாத்தனார் மகன் சொன்ன வாசகம் நபிமொழியில் வருவது. அந்த நம்பிக்கையில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் அதே மரபில் உள்ள சொல்தான். இன்ஹேலரை ஒதுக்கி வையுங்கள் என்று அதில் எங்கும் இல்லை.

விதையிலிருந்து நுரையீரல் மருந்து வந்த கதை ஒன்றும் இருக்கிறது. உங்கள் கணவருக்கு அது பிடிக்கும். எகிப்தில் அம்மி விஸ்நாகா என்றொரு செடி. அதன் விதையைக் காலங்காலமாக அங்கே நாட்டு மருந்தாகப் பயன்படுத்திவந்தார்கள். அதில் கெல்லின் என்ற பொருள் இருந்தது. ரோஜர் ஆல்டூன்யன் என்ற மருத்துவர், அவரே ஆஸ்துமாக்காரர், இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவன ஆய்வுக்கூடத்தில் அந்தக் கெல்லினை மாற்றி மாற்றிச் செய்த சேர்மங்களை ஒவ்வொன்றாகத் தன்மீதே சோதித்தார். கினிப் பன்றியின் முடித்தூசு அவருக்கு ஆகாது. வேண்டுமென்றே அதைச் சுவாசித்து இழுப்பை வரவழைப்பார். அன்றைய மருந்து அதைத் தடுக்கிறதா என்று அளந்து பார்ப்பார். வருடக்கணக்கில் இப்படிச் செய்து 1965-இல் குரோமோகிளைகேட் என்ற மருந்தைப் பிடித்தார். அதைத் தூளாக உள்ளே இழுக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் விமானியாக இருந்தவர் என்பதால் கேப்ஸ்யூலைச் சுழற்றும் ஒரு சின்ன விசிறியை அதற்குள் வைத்தார். உங்கள் கணவர் பீரோவில் வைத்திருக்கும் கேப்ஸ்யூல் கருவிக்கு அதுதான் தாத்தா. செடியைக் கண்டால் எங்களுக்கு ஆகாது என்பதெல்லாம் சும்மா. விதையில் இருப்பதை அளந்து, அது சேர வேண்டிய இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் பிடிவாதம்.

கருஞ்சீரக எண்ணெயையும் மனிதர்களிடம் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். சவூதி அரேபியாவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 80 ஆஸ்துமா நோயாளிகள். பாதிப் பேருக்கு 500 மில்லிகிராம் எண்ணெய் கேப்ஸ்யூல் தினம் இரண்டு. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுக் கேப்ஸ்யூல். நான்கு வாரம் கழித்து ஆஸ்துமா எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று 25-க்கு மதிப்பெண் போட்டார்கள். எண்ணெய் சாப்பிட்டவர்கள் சராசரியாக 21.1, மற்றவர்கள் 19.6. ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் இயோசினோஃபில் அணுக்களும் சற்றுக் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் இந்த மதிப்பெண் முறையில் மூன்று புள்ளியாவது வித்தியாசம் இருந்தால்தான் நோயாளியே அதை உணர்வார் என்பது கணக்கு. இங்கே வித்தியாசம் ஒன்றரை. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் நம்பத்தகுந்த முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றை எண்ணெய் விற்பவர்கள் சொல்வதே இல்லை. அந்த ஆய்வில் எண்ணெயை வழக்கமான சிகிச்சையோடு துணையாகத்தான் கொடுத்தார்கள். விதைத்தூளைக் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில் சேர்ந்தவர்களும் தினசரி இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான். இன்ஹேலரை மூட்டை கட்டிவிட்டு எண்ணெயை மட்டும் குடித்துத் தேறினார்கள் என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. ஈரானில் மஷ்ஹத் நகர ஆய்வாளர்கள் கருஞ்சீரகக் கஷாயம் மூச்சுக்குழாயை உடனடியாக விரிக்கிறதா என்றும் பார்த்தார்கள். விரிக்கிறது, ஆனால் ஆஸ்துமா மருந்துகளான தியோஃபிலினைவிடவும் சால்பியூட்டமாலைவிடவும் குறைவாக. நீல இன்ஹேலரில் இருப்பது பெரும்பாலும் இந்தச் சால்பியூட்டமால்தான். மூச்சு முட்டும் நேரத்தில் ஐந்து நிமிடத்தில் கேட்கும் மருந்து அது. தேனில் குழைத்த எண்ணெய் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, நெஞ்சுக்கு வரும் வரை காத்திருக்க அப்போது நேரம் இருக்காது.

பிறகு முதல் மாதம் மட்டும் எப்படி நன்றாக இருந்தது? காலை இரவு இழுத்த இன்ஹேலர் மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தைத் தணிப்பது. வருடக்கணக்கில் இழுத்திருக்கிறார். அதன் பலன் நிறுத்திய மறுநாளே காணாமல் போகாது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கொஞ்ச நேரம் சுடுவதைப் போல, சில வாரங்கள் நீடிக்கும். அந்தச் சில வாரங்களின் புகழ் முழுவதையும் எண்ணெய் வாங்கிக்கொண்டது. இப்போது கல் ஆறிவிட்டது. விடியற்காலை மூன்று மணி இருமல் அதைத்தான் காட்டுகிறது. ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய் இயல்பாகவே பின்னிரவில்தான் அதிகம் சுருங்கும். நோய் கட்டு மீறும்போது முதல் தடயம் அந்த நேரத்தில் கிடைக்கும்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், அது கடைசிக்கட்ட மருந்து, அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்ற பயத்தில்தான் அவர் அதை ஒதுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. ஆனால் என்னிடம் வரும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். இரண்டு முறை அழுத்தினாலும் ஒரு மாத்திரையில் இருபதில் ஒரு பங்குதான். ஸ்டீராய்டும் அப்படித்தான். இழுக்கும் மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதை நிறுத்திவிட்டு இழுப்பு முற்றி மருத்துவமனைக்குப் போனால் என்ன கொடுப்பார்கள்? பிரெட்னிசோலோன் மாத்திரை, பெரும்பாலும் தினம் 40 மில்லிகிராம், ஐந்து நாளைக்குக் குறையாமல். ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரை விட்டவர் மாத்திரையாகவும் ஊசியாகவும் ஸ்டீராய்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். சர்க்கரைக்காரருக்கு அந்த வாரம் முழுவதும் சர்க்கரை எகிறும்.

இழுத்து முடித்ததும் தண்ணீரால் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளை படியாது. கேப்ஸ்யூல் கருவியில் மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். மெல்ல இழுத்தால் தூள் கருவியிலேயே தங்கிவிடும். அவர் இழுப்பதை ஒரு முறை பக்கத்திலிருந்து பாருங்கள். கேப்ஸ்யூலுக்குள் இன்னும் தூள் மிச்சமிருந்தால் மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். நீல மருந்தை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிப்பது ஆபத்து என்று 2019 முதல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல்களே தெளிவாகச் சொல்கின்றன; வீக்கத்தைத் தணிக்கும் மருந்தும் கூடவே இருக்க வேண்டும். தினசரிக்கும் அவசரத்துக்கும் சேர்த்து ஒரே இன்ஹேலராகக் கொடுக்கும் முறையும் இப்போது இருக்கிறது. அது அவருக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பதினோரு மணிக் கைநடுக்கத்துக்கு இழுப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது. சர்க்கரை இறங்குகிறது என்று சந்தேகப்படுகிறேன். கருஞ்சீரகம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். சர்க்கரை நோயாளிகளிடம் தினம் 2 கிராம் விதை கொடுத்துப் பார்த்த சவூதி ஆய்வில் அது தெளிவாகவே தெரிந்தது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரை. இரண்டும் சேர்ந்து, காலைச் சாப்பாடும் தள்ளிப்போனால், நடுக்கம், வியர்வை, கண் இருட்டுதல் எல்லாம் வரும். ஓடிக்கொண்டிருக்கும் மில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அது விளையாட்டல்ல. அடுத்த முறை நடுங்கும்போது குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி கையில் இல்லையென்றால் தயங்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். எண்ணெயை நிறுத்துங்கள், எடுத்த அளவுகளைக் குறித்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வில் கொடுத்தது ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு கிராம். உங்கள் டீஸ்பூன் 5 மில்லி பிடிக்கும் என்றால் அதில் ஏறக்குறைய நாலரை கிராம் எண்ணெய். நான்கு மடங்குக்கு மேல். இத்தனைக்கும் அந்தப் பாட்டிலில் தைமோகுவினோன் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. விதை விளைந்த ஊர், ஆட்டிய விதம், பாட்டில் வெயிலில் கிடந்த நாள்கள் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். வெளிச்சம் பட்டால் அந்தப் பொருள் சிதையும். மலிவான வேறு எண்ணெயைக் கலந்தாலும் நாக்கால் கண்டுபிடிப்பது கடினம்.

நெஞ்சில் தடவுவதால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடாது. தேய்க்கும் கையின் சூடும் வாசனையும் இதமாக இருக்கும், அவ்வளவுதான். சிலருக்குத் தோல் சிவந்து கொப்பளிப்பதுண்டு. அப்படி ஆகவில்லை என்றால் தடவிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு தலைமுறையாக நம் வீடுகளில் கற்பூரத்தை எண்ணெயில் சூடாக்கி நெஞ்சில் தேய்க்கிறார்களே, அதைக் கைக்குழந்தைகளுக்கு மட்டும் செய்யாதீர்கள். கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும்.

மூக்கில் விடுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. தண்ணீர் ஒரு சொட்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் புரையேறி, இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். வழவழப்பான எண்ணெய் அந்த இருமலைத் தூண்டாமலே நழுவி இறங்கும். தூங்கப் போகும் நேரத்தில், மல்லாந்து படுத்தபடி விட்டால் இன்னும் சுலபமாக இறங்கும். மூச்சுக்குழாயின் உள்சுவரில் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய மயிர்களின் அசைவையும் அது மந்தமாக்குகிறது. காற்றறைகளுக்குள் போய்விட்ட எண்ணெயைத் துப்புரவு செய்யும் அணுக்கள் விழுங்கிப் பார்க்கும். செரிக்க முடியாமல் வீங்கி அங்கேயே கிடக்கும். அதைச் சுற்றி அழற்சி, நாளடைவில் தழும்பு. எண்ணெய் நிமோனியா என்று இதைச் சொல்கிறோம். மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் மருந்து விட்டுக்கொண்டவர்களிடம் இந்த நோயை 1925-இலேயே விவரித்துவிட்டார்கள்.

அறிகுறிகள் ஊரை ஏமாற்றும். விடாத இருமல், லேசான காய்ச்சல், எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைத் திட்டு. காசநோய் என்று நினைத்துச் சளிப் பரிசோதனை செய்வார்கள், கிருமி இருக்காது. ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், திட்டு கரையாது. சி.டி. ஸ்கேனில் அந்தத் திட்டின் அடர்த்தியை அளந்தால் கொழுப்பின் அளவு காட்டும். குழாய் விட்டு, நுரையீரலின் அந்தப் பகுதியை உப்புநீரால் கழுவி எடுப்போம். கழுவிய நீர் பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கும். அதைச் சோதனைக் குழாயில் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால், மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒதுங்கும். அப்போதுதான் நோயாளியிடம், மூக்கில் ஏதாவது விடுகிறீர்களா என்று கேட்போம். ஆமாம், அது மருந்து இல்லையே, அதனால் சொல்லவில்லை என்பார்.

எண்ணெய்க் குளியலன்று குழந்தையை மடியில் கிடத்தி, கண்ணிலும் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. தென்னிந்தியக் குழந்தைகளிடம் இதனால் வரும் எண்ணெய் நிமோனியா பற்றி 1973-லேயே ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. உங்கள் மகளுக்கு மூக்கடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். இத்தனை நாள் விட்டதில் அவளுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ காய்ச்சல் விட்டு விட்டு வந்தாலோ குழந்தை மருத்துவரிடம் எண்ணெய் விட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணவரின் மருத்துவரிடமும் அப்படியே. அவருக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. மூக்கில் மருந்து விடும் சிகிச்சையை நசியம் என்று முறைப்படி செய்யும் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களோடு நான் வாதத்துக்குப் போகவில்லை. படுக்கையில் சாய்ந்துகொண்டு வீட்டில் பாட்டிலைக் கவிழ்ப்பதைப் பற்றித்தான் சொல்கிறேன். நெபுலைசரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் நேராக நுரையீரலுக்குப் போகுமே என்ற யோசனை யாருக்காவது வந்தால், அதையும் முளையிலேயே கிள்ளிவிடுங்கள். குழந்தைகளுக்குச் சளி என்றால் வேப்பெண்ணெயைக் குடிக்கக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மலேசியாவில் 1980-களின் தொடக்கத்தில் அப்படிக் கொடுத்ததால் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்தி மருத்துவ உலகத்தையே உலுக்கியது. விதை எண்ணெய் எல்லாம் சாது என்று எண்ண வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு இப்போது வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது திருச்செந்தூர்தான். அங்கே எண்ணெய் இல்லை, இன்ஹேலர் இல்லை, இழுப்பும் இல்லை. அங்கே இல்லாத இன்னொன்று உங்கள் மில். சிறு வயதில் ஆஸ்துமா இல்லாமல், நாற்பது வயதில், ஆறு வருடம் மாவுத் தூசியில் நின்ற பிறகு ஒருவருக்கு இழுப்பு தொடங்குகிறது. ஊரைவிட்டுப் போனால் நிற்கிறது. இது தொழில்வழி ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று எந்த நெஞ்சக மருத்துவருக்கும் தோன்றும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-லேயே மாவு அரைப்பவர்களுக்கும் ரொட்டி சுடுபவர்களுக்கும் வரும் மூச்சுத் தொல்லையைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கோதுமையில் உள்ள புரதம் தூசியாக மூச்சில் ஏறும்போது உடல் அதை எதிரியாகப் பழகிக்கொள்கிறது. தானியத்தில் இருக்கும் வண்டும் செள்ளும்கூட ஒவ்வாமையைத் தரும். மிளகாய் அரைக்கும்போது வரும் நெடி வேறு, ஏற்கெனவே வீங்கிய குழாயைக் கிளறிவிடும். சப்பாத்தி சாப்பிட்டால் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். இந்த வகை ஆஸ்துமாக்காரர்களில் பெரும்பாலோர் கோதுமையைச் சாப்பிடலாம், சுவாசிக்கத்தான் கூடாது.

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய், மருந்துக்கடையில் கிடைக்கும். மூச்சை நிறைய இழுத்து ஒரே வீச்சில் ஊதினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுதிவையுங்கள். எழுந்ததும், மில்லுக்குப் போனபின், மாலையில், படுக்கும்முன் என நாளுக்கு நான்கு முறை, நான்கு வாரம். அன்று என்ன அரைத்தார், எப்போது மில் மூடினார், நீல இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். இடையில் மூன்று நான்கு நாளாவது மில் பக்கமே போகாமல் இருக்க வேண்டும். மில் நாளில் எண் இறங்கி விடுமுறையில் ஏறினால் அந்த நோட்டுப் புத்தகத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இந்தப் பரிசோதனைக்காக இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனையும், கோதுமைக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்கும் தோல் அல்லது ரத்தப் பரிசோதனையும் மருத்துவர் செய்வார்.

மில்லை மூடுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம். உலை கொதிக்க வேண்டியது உங்கள் வீட்டில். ஆனால் தூசியிலிருந்து எவ்வளவு சீக்கிரம் விலகுகிறாரோ அவ்வளவுக்கு நுரையீரல் தேறும், வருடங்கள் ஓடிவிட்டால் விலகினாலும் முழுதாகத் தேறாது என்பதை மறைக்கவும் முடியாது. மாவு விழும் வாயில் துணிக்குழாய் கட்டியிருப்பீர்கள். ஒவ்வொரு அரவை முடிந்ததும் மிச்ச மாவு வாடிக்கையாளரின் தூக்கில் விழட்டும் என்று அதைப் பட்டென்று தட்டுவார் இல்லையா? அந்த நேரத்தில்தான் அவர் முகத்துக்கு நேராகப் புகைபோல் மாவு கிளம்புகிறது. அந்த வேலை அவர் கையை விட்டுப் போக வேண்டும். வாயை ஒட்டியே தூசியை இழுக்கும் உறிஞ்சு குழாய் வைக்க முடியுமா என்று மில் மெக்கானிக்கிடம் கேளுங்கள். சுவரில் எங்கோ ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன், தூசி அவர் மூக்கைக் கடந்து போன பிறகுதான் அதை இழுக்கிறது. சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்குவதும், சட்டையைப் புளோயரால் ஊதிக்கொள்வதும் கூடாது; ஈரத்துணியால் துடையுங்கள். தோள்துண்டை மூக்கில் கட்டுவது தூசிக்கு ஒரு பொருட்டே அல்ல. முகத்தோடு இறுக்கமாகப் படியும் என்95 முகக்கவசம் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் சரியாகப் படியாது. கோதுமை அரைக்கும் நேரத்தையாவது அவர் இல்லாத வேளைக்கு மாற்றப் பாருங்கள்.

எண்ணெயை முற்றிலும் விட மனமில்லை என்றால், ஆஸ்துமா கட்டுக்குள் வந்து, சர்க்கரையும் நிலைப்பட்ட பிறகு, மருத்துவருக்குத் தெரிந்து, ஆய்வில் கொடுத்த அந்த ஒரு கிராம் அளவுக்குள், உணவோடு எடுத்துக்கொள்ளலாம். இன்ஹேலருக்குத் துணையாக மட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் அதுவும் கூடாது. பாட்டில் மிச்சமிருக்கிறதே என்று உறவுக்காரர்களுக்குக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நீல இன்ஹேலர் இழுத்தும் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்காமல் மறுபடி தேவைப்பட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, நீல மருந்தை ஒரு நிமிடத்துக்கு ஓர் அழுத்தம் வீதம் பத்து முறை வரை கொடுக்கலாம். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் இருந்தால் அதன் வழியாகக் கொடுங்கள்.

இன்னொன்று. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம்தான் மாவு மில்லுக்கு முழு அரவை. முறுக்கு மாவும் அதிரச மாவும் கடலை மாவும் ராத்திரி வரை ஓடும். அதோடு மழைக்கால ஜலதோஷம், பட்டாசுப் புகை. இழுப்பு முற்றுவதற்கு இதைவிடத் தோதான வேளை வருடத்தில் வேறில்லை. அதற்குள் அவர் ஒழுங்காக மருந்து எடுத்து இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் அவர் கல்லாவில் உட்காரட்டும்; அரவைக்குக் கூலிக்கு ஓர் ஆளை வையுங்கள். அந்த ஆளுக்கும் ஒரு என்95 வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.